மேற்கு வெயில் தாழ்வாரத்தில் பூச்செடி வளர்க்க

மழை கொட்டுகிற ஊரில் பாலைவனச் செடி எதற்கு என்று கேட்பவர்களை, மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கச் சொல்வேன். சுவா சூ காங்கில் பன்னிரண்டாம் மாடி, வாசல் நேர் மேற்கு. இரண்டு மணிக்கு உள்ளே நுழையும் வெயில் ஏழு மணிவரை நகராது. 1982இல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து சிங்கப்பூரில் உச்சிப்பொழுதே ஏறக்குறைய ஒரு மணிக்குத்தான். அதன் பலனை அனுபவிப்பது மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள். போதாக்குறைக்கு, மேல்மாடித் தாழ்வாரம் மறைப்பதால் மழையும் தொட்டியில் விழாது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவில் என் செடிகளுக்கு நான் ஊற்றினால்தான் தண்ணீர்.

சரி, பாலைவனம் என்றே வைத்துக்கொள்வோம் என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. மழையில்லாத நாளில்கூட இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். நடுமதியத்தில்தான் 60 அளவுக்கு இறங்கும். அதனால் தொட்டியில் மேல்மண் பொரிந்து கிடக்கும், அடிமண் சொதசொதவென்று இருக்கும். மேல்மண்ணைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், வேர் அடியில் அழுகும். ராமநாதபுரத்திலிருந்து அம்மா இன்னும் போனில் சொல்வார்: "வெயில்ல நிக்குதுப்பா, பாவம், ரெண்டு சொம்பு ஊத்து." அவர் வாசல் அரளிக்கு அது சரி. அந்தக் காற்று பொழுது சாய்வதற்குள் ஈரத்தை உறிஞ்சிவிடும். இங்கே அப்படிப் பாவம் பார்க்கக் கூடாது. வெயிலுக்கு ஏற்ற செடியை வாங்குங்கள், ஈரத்தை நிறுத்தாத மண்ணில் வையுங்கள், அடிக்கடி தண்ணீர் ஊற்றப் போகும் கையைக் கட்டிப்போடுங்கள். மற்றதெல்லாம் இதன் விவரங்கள்தான்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

செடி வாங்கும் முன் ஓர் ஓய்வு நாளில் தாழ்வாரத்தில் வெயில் எப்போது வருகிறது, எப்போது போகிறது, எதிர் புளோக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பார்த்தது ஆண்டு முழுவதுக்கும் பொருந்தாது. நாம் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை; ஆகவே சூரியன் ஆண்டில் ஏறத்தாழப் பாதி நமக்கு வடக்கே ஓடும், மீதி தெற்கே ஓடும். வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை வெயில் உண்டு, டிசம்பரில் கிடையாது. தெற்குப் பார்த்ததற்கு அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. ஜனவரியில் பூத்துக் குலுங்கிய செடி ஜூன் மாதத்தில் வெறும் இலையாக நிற்கிறது, என்ன நோய் என்று கேட்பவர்கள் பலர் தெற்கு வீட்டுக்காரர்கள். நோய் ஒன்றும் இல்லை. சூரியன் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

நேரடி வெயில் ஐந்து மணி நேரமாவது இருந்தால் அடீனியமும் (பாலைவன ரோஜா) காகிதப்பூவும் வையுங்கள். மூன்று, நான்கு மணி நேரம் என்றால் யூபோர்பியா, அதாவது முள்கிரீடம். அதற்கும் குறைவென்றால் மருள் (பாம்புச் செடி) வகைகளை வைத்துவிட்டுப் பூவை மறந்துவிடுங்கள். பத்துமணிப்பூ, அதாவது டேபிள் ரோஸ், காலை வெயில்காரி. கிழக்குப் பார்த்தவர்களுக்கு அதைவிட மலிவான, கலகலப்பான செடி கிடையாது. மேற்கு வாசலில் வைத்தால் முழுதாக விரிய மனம் வராது.

எதை வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாவண்டர் வேண்டாம். ரோஜாப்பூ வடிவில் சின்னச் சின்னதாக விற்கும் எச்சிவேரியாவும் வேண்டாம். "வறண்ட நாட்டுச் செடிதானே" என்று கடையில் சொல்வார்கள். எச்சிவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் உயரமான மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. பகலில் வெயிலைத் தாங்கும், இரவில் குளிர் கேட்கும். நம் இரவுகளில் அது நீண்டு, வெளிறி, ஒரு மழைக்காலத்தில் போய்விடும். இரவும் சுடும் ஊர்களிலிருந்து வந்த செடிகளே நமக்குச் சரி. அடீனியம் ஆப்பிரிக்காவின் சகேல் பகுதியிலிருந்து அரேபியாவரை வளர்வது; முள்கிரீடம் என்கிற யூபோர்பியா மடகாஸ்கரைச் சேர்ந்தது; காகிதப்பூ தென்னமெரிக்கா. இவற்றை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்ய விரும்பினால் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, போய் வாருங்கள். அங்கே வறண்ட நிலச் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது, நுழைவுக் கட்டணமும் இல்லை.

நர்சரியில் வாங்கும்போது செடி எங்கே நின்றது என்று கவனியுங்கள். கறுப்பு வலைக்கு அடியில் நின்ற செடியை நேரே மேற்கு வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைத் திட்டு விழுந்து பிறகு பழுப்பாகும். முதல் வாரம் சுவரோரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே. இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளும்.

மண்

கடையில் பையில் விற்கும் கலவை மண்ணை அப்படியே போடாதீர்கள். அதில் தேங்காய் நார்த்தூளும் கரிமண்ணும்தான் அதிகம். கீரைக்கு நல்லது, அடீனியத்துக்கு ஆகாது. நான் போடுவது: பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது பெர்லைட் (பொரித்த வெள்ளைக் கல்துகள்) இரண்டு பங்கு, சுட்ட மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. சுட்ட மண் எல்லா நர்சரியிலும் சின்னப் பையில் கிடைக்கும். அதைப் பழைய சல்லடையில் ஒருமுறை சலித்துத் தூசியைக் கொட்டிவிடுங்கள். அந்தத் தூசிதான் தண்ணீர் பட்டதும் களியாகித் துளையை அடைக்கும். காகிதப்பூவுக்கு உரத்தை இன்னொரு பங்கு கூட்டலாம்.

கலவை சரியா என்று பார்க்கத் தொட்டியில் நிரப்பி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்காமல் உடனே இறங்கி, சில விநாடிகளில் அடித்துளையில் வடிய வேண்டும். மேலே குளம் கட்டினால் இன்னும் பெர்லைட் போடுங்கள்.

தொட்டியின் அடியில் ஒரு சாண் கல் பரப்பும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. வடிகாலுக்கு என்பார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். அதாவது ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

தொட்டி மண்தொட்டியாகவே இருக்கட்டும், மெருகு பூசாதது. கறுப்புப் பிளாஸ்டிக் மேற்கு வெயிலில் தொட முடியாத அளவுக்குச் சுடும், வெயில் படும் பக்கத்து வேர் வெந்துவிடும். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் அதை ஒரு சுற்று பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். தரையில் நேரே வைக்காமல் கால் வைத்த தாங்கியில் வைத்தால் அடியிலும் காற்றோடும்.

தண்ணீர்

வாரத்துக்கு எத்தனை முறை என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பிப்ரவரி, மார்ச் தொடக்கத்தில் வறண்ட வாடைக்காற்று வீசும்போது மண்தொட்டி அடீனியம் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கேட்கும். அதே தொட்டி டிசம்பர் மழைவாரத்தில் பத்து நாளும் தாங்கும். ஆகவே நாள்காட்டியை விட்டுவிட்டுத் தொட்டியைக் கேளுங்கள். சின்னத் தொட்டியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். நனைந்த தொட்டிக்கும் காய்ந்ததற்கும் எடை வித்தியாசம் கைக்கு உடனே தெரியும். தூக்க முடியாத தொட்டிக்குச் சத்தே குச்சி, அதாவது இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் மெல்லிய குச்சி. சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் காயவைத்த குச்சியை ஓரமாக அடிவரை குத்தி, சில நிமிடம் விட்டு உருவுங்கள். நுனி கறுத்து மண் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் இல்லை. சுத்தமாக வந்தால் ஊற்றலாம்.

ஊற்றுவது என்று வந்தால் கஞ்சத்தனம் கூடாது. அடித்துளையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். தினம் ஒரு கரண்டி தெளிப்பது வேரை மேலேயே வைத்திருந்து மதிய வெயிலில் பொசுக்கும். நேரம் காலைதான். ஜூரோங் தீவில் இரவு ஷிப்டு முடித்து எட்டு மணிக்கு வீடு வந்ததும் நான் ஊற்றிவிட்டுத்தான் படுப்பேன். அரிசி கழுவிய தண்ணீரை இந்தச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள். நாற்றமும் சின்ன ஈக்களும்தான் மிச்சம். அதைக் கறிவேப்பிலைக்குக் கொடுங்கள், அது ஒன்றும் சொல்லாது.

அடீனியம்

சீனப் புத்தாண்டுக்கு முன் நர்சரிகளில் சிவப்பு ரிப்பன் கட்டி அடுக்கியிருப்பார்களே, அதுதான். செல்வத்தையும் மேன்மையையும் குறிக்கும் பெயர் சீனர்களிடம் அதற்கு இருப்பதால் அந்த வாரங்களில் விலையும் மேன்மையாக இருக்கும். பண்டிகை முடிந்தபின் வாங்குங்கள்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பருத்த அந்த அடிதான் செடியின் தண்ணீர்த் தொட்டி. கல்லாக இருந்தால் நலம். சுற்றிலும் ஒரே சீராகக் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் தாகம், அவ்வளவுதான். இரண்டு முறை நன்றாக ஊற்றினால் இறுகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, தோல் கறுத்து, விரலில் ஈரம் ஒட்டினால் அது அழுகல். கடையில் என்றால் வைத்துவிட்டு நகருங்கள்.

வீட்டில் இருக்கும் செடிக்கு இந்த அழுகல் வந்தால் அன்றே வேலையில் இறங்க வேண்டும். செடியை மண்ணிலிருந்து எடுத்து, வேரைக் கழுவி, ஸ்பிரிட் தடவிய கத்தியால் கெட்டதை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பழுப்பு வட்டமோ கோடோ தெரிந்தால் இன்னும் வெட்ட வேண்டும். முழுக்க வெள்ளைச் சதை தெரியும்வரை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். அப்புறம் கந்தகப் பொடியோ பூஞ்சணக்கொல்லியோ தடவி, நிழலில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். ஒரு வாரம், மழைக்காலமென்றால் இன்னும் கூட. காயம் தோல் கட்டியபின் காய்ந்த கலவையில் நட்டு, மேலும் சில நாள் கழித்தே தண்ணீர். செடி செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வேரே இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்து பிழைக்கும் செடி இது.

இந்தச் செடியின் பால் கண்ணிலோ வாயிலோ படக் கூடாது. அரளிக் குடும்பம்தான்; ஆப்பிரிக்காவில் இதன் சாற்றை அம்பு முனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

பூ கிளை நுனியில்தான் வரும். நுனி கூடினால் பூ கூடும். நீண்டு ஒல்லியாகப் போன கிளைகளை விரல் நீளம் விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று தளிர் வெடிக்கும். அவை பூக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். தைப்பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் அக்டோபரில், வெயில் காயும் ஒரு நாள் காலையில் வெட்டுங்கள். வெட்டு காயும்வரை அதில் சாரல் படக் கூடாது.

அரளியைத் தின்னும் புழு இதையும் தின்னும். நேற்றுவரை நிறைந்திருந்த இலை இன்று காலை காம்பாக நிற்கிறது என்றால் அதுதான். விரல் பருமனுக்குப் பச்சைப் புழு, வாலில் சின்னக் கொம்பு, தலைப்பக்கம் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பொய்க்கண்கள். பச்சை இலையோடு பச்சையாக இருப்பதால் தேடினால் கிடைக்காது. கீழே தரையில் மிளகு மிளகாகக் கிடக்கும் கறுப்பு எச்சத்தைப் பார்த்து, அதற்கு நேர் மேலே கண்ணை ஓட்டினால் ஆள் அகப்படுவார். கையால் எடுத்தாலே போதும், மருந்து வேண்டாம். அதைவிடத் தொல்லை சிவப்புச் சிலந்திப்பேன். மழை படாத, வெயில் காயும் தாழ்வாரம் அதற்குச் சொர்க்கம். இலை மேலே மங்கி, ஊசி குத்தியது போல் புள்ளி விழும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சிக்குப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் முடிந்தது.

காகிதப்பூ

நம் நடைமேம்பாலங்களில் ஊதாவும் வெள்ளையுமாக வழிகிறதே, அதேதான். நிறமாக இருப்பது பூவல்ல, பூவடி இலை; உள்ளே குச்சி போல் நிற்கும் சின்ன வெள்ளை உறுப்புதான் பூ. இந்தச் செடியைப் பூக்க வைக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டும். இலை லேசாகத் தொங்கும்வரை விட்டு, அன்று ஒருமுறை நிறைய ஊற்றி, மறுபடி தொங்கும்வரை விடுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால் கணுக்களில் நிறம் எட்டிப் பார்க்கும். பூ வந்தபின் பட்டினி போடாதீர்கள், உதிர்த்துவிடும். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலைதான் வரும். சாம்பல்சத்து கூடிய பூச்செடி உரத்தைப் பொதியில் சொன்ன அளவில் பாதி போட்டால் போதும். தொட்டி சிறியதாக, வேர் நெருக்கமாக இருப்பதே இதற்குப் பிடிக்கும். மாற்றி நடும்போது வேர்க்கட்டியை உடைக்காமல் அப்படியே இறக்குங்கள். பூ முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள், புதுக் கிளையில்தான் அடுத்த சுற்று. முள் இருப்பதால் நடப்பவர்கள் பக்கம் நீளும் கிளைகளைத் தயங்காமல் வெட்டுங்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) தொழுகை உடையோடு அந்த வழியாகத்தான் போவார்.

யூபோர்பியாவுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நட்டுவிட்டு மறந்தால் ஆண்டு முழுதும் பூக்கும். அதன் பாலும் கண்ணுக்கு ஆகாது.

தாழ்வாரம் நம்முடையது மட்டுமல்ல

பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும், தீ விபத்தென்றால் ஆட்கள் வெளியேறவும் தூக்குப்படுக்கை வரவும். அளவுநாடா வைத்து அளந்து பாருங்கள்; ஒரு வரிசைத் தொட்டிக்கு மேல் பெரும்பாலும் இடம் இருக்காது. கைப்பிடிச் சுவர்மேல் எதையும் வைக்காதீர்கள். சுமத்ரா புயல்காற்று மேற்கிலிருந்துதான் வரும், பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எந்த நாளும் வரலாம். ஆண்டு முழுதும் மழை படாத மேற்குத் தாழ்வாரத்தில் சாரல் குறுக்கே அடித்து உள்ளே நுழைவது அப்போதுதான். உயரமான தொட்டிகளைச் சுவரோரக் கம்பியில் கட்டிவையுங்கள். மறுநாள் காலை தண்ணீர் ஊற்றப் போகும் முன் சத்தே குச்சியை மறக்காதீர்கள்.

கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போடும் நேரத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கீழ்வீட்டு ஆண்டி ஒன்பது மணிக்கு மூங்கில் கழியை நீட்டுவார். அதற்குள் என் தொட்டிகள் வடிந்து முடிந்திருக்கும். வடிவதைப் பிடிக்கத் தட்டு வைத்தால் கொசு. ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்தும் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த தட்டின் விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். இறுகிப்போன மேல்மண்ணில் தேங்கும் தண்ணீரிலும் அது முட்டையிடும். தேசிய சுற்றுப்புற வாரியம் டெங்கிக்கு எதிராகச் சொல்லும் அறிவுரைகளில் தொட்டி மண்ணைக் கிளறிவிடுவதும் ஒன்று. பழைய முள்கரண்டி போதும்.

ஊருக்குப் போகும்போது

மூன்று வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அடீனியத்துக்கும் யூபோர்பியாவுக்கும் கிளம்பும் அன்று காலை நன்றாக ஊற்றி, வெயிலிலிருந்து சுவரோரம் நகர்த்திவிட்டுப் போகலாம். சில இலை உதிரும், பரவாயில்லை. பக்கத்து வீட்டில் இவற்றை ஒப்படைக்காதீர்கள். அன்பு மிகுதியில் தினமும் ஊற்றிவிடுவார்கள். காகிதப்பூவை மட்டும் காட்டி, இலை தொங்கினால் ஒரு குவளை என்று சொல்லிவைத்து, தட்டுகளை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.